உயர்மலைத் தீர்த்த யாத்திரை: கோசாய்குண்டம் செல்வோரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

இமயமலைத் தீர்த்தங்களுக்குச் செல்ல விரும்பும் நோயாளர்கள் பலர், பயணத்திற்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகின்றனர். இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர், ஆஸ்துமா உள்ள மனைவியை உடன் அழைத்துச் செல்ல எண்ணும் கணவர் என அவர்கள் பலதரப்பட்டவர்கள். ஆயினும் அனைவரும் கேட்பது ஒரே வினாவைத்தான்: "போய் வரலாமா, டாக்டர்?"

இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. செல்பவரின் உடல்நிலை, அவர் செல்லும் உயரம், அவ்வுயரத்தை அடைய அவர் எடுத்துக்கொள்ளும் நாள்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இவற்றுள் மூன்றாவதாகிய நாள்கணக்கைத்தான் பெரும்பாலோர் கவனியாது விடுகின்றனர். உயர்மலையில் நேரும் உயிரிழப்புகளில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே. அதனை நேபாளத்தின் கோசாய்குண்டம் என்னும் புனித ஏரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஏரியும் மரபும்

கோசாய்குண்டம் நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில், லாங்டாங் தேசியப் பூங்காவினுள், கடல் மட்டத்திலிருந்து 4380 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. பாற்கடல் கடைந்தபோது எழுந்த ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான், தொண்டையின் வெம்மை தணிய மலையில் திரிசூலத்தை ஊன்றியதாகவும், அவ்விடத்தில் பெருகிய நீரே இவ்வேரி ஆனதாகவும் மரபு கூறும். நம் நாட்டில் நீலகண்டன் என்று போற்றப்படும் பெருமானின் கதை அங்கே ஒரு குளிர்ந்த ஏரியாகக் கண்முன் நிற்கிறது. இவ்வேரியும் இதனைச் சூழ்ந்துள்ள பிற குண்டங்களும் 2007ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றன.

குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும். பெருந்திரளான பக்தர்கள் கூடுவது ஜனை பூர்ணிமா என்னும் ஆவணப் பௌர்ணமி நாளில். பூணூல் மாற்றும் திருநாளாகிய அது பெரும்பாலான ஆண்டுகளில் நம் ஆவணி அவிட்டத்தோடு ஒன்றி வரும். இந்துக்களோடு பௌத்தர்களும் அங்கே வருவர். தாமாங் முதலிய மலைவாழ் மக்களின் பூசாரிகள் மேளம் முழக்கி ஆடியபடி மலையேறுவர். மழைக்காலத்தின் நடுவே, பனிமூட்டத்திலும் சேற்றுப் பாதையிலும், முதியோரும் பெண்களும் சிறுவர்களும் விடிவதற்குள் ஏரியை அடைந்து நீராட விரைவர்.

இவ்விரைவே மருத்துவரின் கவலைக்குக் காரணம். காட்மாண்டு 1400 மீட்டர் உயரத்திலும், நடைபாதை தொடங்கும் துன்சே என்னும் ஊர் ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்திலும் உள்ளன. துன்சேயிலிருந்து ஏரிக்கு 2300 மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றத்தைப் பலர் இரண்டே நாள்களில் கடக்கின்றனர். ஒரே நாளில் கடப்போரும் உளர்.

உயரம் உடலில் செய்யும் மாற்றம்

மலைமேல் ஆக்சிஜன் இல்லை என்று பொதுவாகக் கூறுவர். அது முற்றிலும் சரியன்று. காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் கோசாய்குண்டத்திலும் 21 விழுக்காடுதான். மாறுவது காற்றின் அழுத்தம். மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. 4380 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே.

இக்குறையை உணர்ந்த உடல் முதலில் மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டுகிறது. அவ்வாறு மூச்சு விடும்போது கரியமிலவாயு மிகுதியாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. காரத்தன்மை கூடினால் மூளை மூச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கும். இத்தடையை நீக்கச் சிறுநீரகங்கள் காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் காலம் வேண்டும். ஆகவே உயரத்திற்குப் பழகுவது மன உறுதியால் விரைவுபடுத்தக் கூடிய செயலன்று. சிறுநீரகத்தின் வேகத்தை நம் அவசரத்திற்கேற்ப மாற்ற இயலாது.

இங்கே ஒரு கருத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறியிருக்கிறேன், திருப்பதிக்கு ஆண்டுதோறும் நடந்தே செல்கிறேன்" என்று பலர் கூறுவர். அவை கால்களின் வலிமைக்கும் இதயத்தின் உழைப்புத் திறனுக்கும் நல்ல சான்றுகள். ஆனால் தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரமே 2637 மீட்டர்தான். உயர்மலை நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேலேயே தலைகாட்டுகிறது. 3000 மீட்டரைக் கடந்தபின் மிகுதியாகிறது. எனவே நம் மாநிலத்தின் எந்த மலையில் ஏறினாலும் நம் உடல் அவ்வுயரத்தைத் தாங்குமா என்பதை அறிந்துகொள்ள முடியாது. இளமையும் உடற்பயிற்சியும் இந்நோயிலிருந்து காப்பதில்லை. கட்டுடல் கொண்ட இளைஞர் விரைந்து ஏறுவதால் முதியவருக்கு முன்பே நோயுறுவதும் உண்டு.

மூவகை நோய்கள்

முதலாவது, கடும் உயர்மலை நோய். புதிய உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். அதனோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்றேனும் சேரும். உயரமான இடத்தில் தோன்றும் தலைவலியை, வேறு காரணம் உறுதிப்படும் வரை, உயர்மலை நோயாகவே கொள்ள வேண்டும். வெயில், பட்டினி, தூக்கமின்மை என்று காரணம் கற்பித்துக்கொண்டு மேலே நடக்கக் கூடாது. இந்நிலையில் அவ்விடத்திலேயே தங்கி ஓய்வு கொண்டால் பெரும்பாலோர் ஒன்றிரண்டு நாள்களில் தேறிவிடுவர்.

இரண்டாவது, மூளை வீக்கம். ஆக்சிஜன் குறையும்போது மூளையின் இரத்தக்குழாய்கள் விரிந்து, திசுக்களில் நீர் கசிகிறது. மண்டையோடு விரியாது, ஆதலால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. நோயாளி குடித்தவர் போலத் தள்ளாடுவார், பேச்சு குழறும், இடம், காலம், உடனிருப்போரைப் பற்றிய தெளிவு குறையும், கேட்டதற்கு விடை கூறாமல் ஒதுங்கி அமர்வார். கவனியாது விட்டால் ஒரே இரவில் நினைவிழந்து உயிரிழக்க நேரிடும்.

மூன்றாவது, நுரையீரலில் நீர் கோத்தல். ஆக்சிஜன் குறைவால் நுரையீரல் இரத்தக்குழாய்கள் சீரின்றிச் சுருங்குகின்றன; சுருங்காத பகுதிகளில் அழுத்தம் மிகுந்து நீர் கசிகிறது. இது பெரும்பாலும் உயரத்திற்குச் சென்ற இரண்டாம் இரவில் வெளிப்படும். ஏறும்போது அனைவருக்கும் மூச்சு வாங்கும், அது இயல்பு. அமர்ந்து ஓய்வெடுத்த பின்னும் மூச்சு வாங்குவது நோயின் அறிகுறி. வறட்டு இருமல், நெஞ்சிறுக்கம், நீலம் பாய்ந்த உதடு, பின்னர் இளஞ்சிவப்பு நுரையோடு கூடிய சளி என இது முற்றும். தலைவலி இல்லாமலே இந்நோய் வரக்கூடும்.

பின்னிரு நோய்களுக்கும் முதன்மையான மருத்துவம் ஒன்றுதான்: உடனே கீழே இறங்குதல். விடியட்டும் என்றும், நீராடல் முடியட்டும் என்றும் காத்திருக்கக் கூடாது. 300 முதல் 1000 மீட்டர் வரை இறங்கினாலே பலர் வியக்கத்தக்க வகையில் தேறுவர். நுரையீரலில் நீர் கோத்தவரை நடக்க விடாமல், இயன்றவரை சுமந்து இறக்க வேண்டும். ஏனெனில் உழைப்பு அந்நோயைப் பெருக்கும். ஆக்சிஜனும் மருந்துகளும் இறங்குவதற்குத் துணை செய்பவை. அவை இறங்குவதற்கு மாற்று ஆகா.

பக்தர்களுக்கு ஏன் மிகுதியாக வருகிறது?

நேபாள மருத்துவர் புத்த பஸ்னியத்தும் அவர்தம் குழுவினரும் கோசாய்குண்டத் திருவிழாவுக்கு வந்த பக்தர்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு உயர்மலை நோய் இருந்தது. மூன்றில் ஒரு பங்கை நெருங்கிய எண்ணிக்கையினரிடம் மூளை வீக்கத்தின் அறிகுறிகளாகிய தள்ளாட்டமும் குழப்பமும் காணப்பட்டன. அவர்கள் வெளிநாட்டுப் பயணிகள் அல்லர், நேபாளத்தவரே. மலைநாட்டில் பிறந்தவர்க்கு இந்நோய் வாராது என்னும் எண்ணம் தவறு என்பதும் இதனால் விளங்கும். பள்ளத்தாக்கில் வாழும் உடல் பள்ளத்தாக்கிற்கே பழகியிருக்கும்.

மலையேற்றப் பயணிகளைக் காட்டிலும் பக்தர்கள் மிகுதியாக நோயுறுவதற்குக் காரணங்கள் உண்டு. திருநாள் குறித்த நாளில் வருகிறது. ஆதலால் ஒரு நாள் தாமதித்தாலும் பயன் இல்லை என்று எண்ணி விரைகின்றனர். சிலர் உண்ணாமலும் போதிய நீர் பருகாமலும் நடக்கின்றனர். கூட்டமாகச் செல்வோர் ஒருவருக்காக அனைவரும் நிற்பதற்குத் தயங்குகின்றனர். எல்லாவற்றினும் மேலாக, தலைவலியும் மூச்சுத்திணறலும் முன்வினையின் பயன் என்றோ, இறைவன் வைக்கும் சோதனை என்றோ கருதி அவற்றை மறைக்கின்றனர். "சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள்" என்னும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. மறைக்கப்பட்ட அறிகுறியைப் போல் மலையில் ஆபத்தானது வேறொன்றில்லை. இதனை உணர்ந்தே இமாலய மீட்புச் சங்கம் திருவிழாக் காலத்தில் ஏரிக்கரையில் தற்காலிக மருத்துவ முகாம் அமைத்து வருகிறது.

நாள்களைத் திட்டமிடுதல்

மருத்துவ வழிகாட்டுதல் எளியது. 3000 மீட்டரைக் கடந்தபின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை, ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். கணக்கில் கொள்ள வேண்டியது உறங்கும் உயரமே. பகலில் சற்று உயரம் சென்று, இரவில் இறங்கித் தங்குவது நன்று.

கோசாய்குண்டத்திற்கு இதனைப் பின்வருமாறு பொருத்தலாம்.

முதல் நாள்: துன்சேயில் இரவு தங்குதல் (ஏறத்தாழ 2000 மீட்டர்).
இரண்டாம் நாள்: தேவ்ராலியில் தங்குதல் (ஏறத்தாழ 2600 மீட்டர்).
மூன்றாம் நாள்: சந்தன்பாரியில் தங்குதல் (ஏறத்தாழ 3300 மீட்டர்).
நான்காம் நாள்: சந்தன்பாரியிலேயே ஓய்வு, பகலில் சிறிது தொலைவு ஏறி இறங்கலாம்.
ஐந்தாம் நாள்: சோலாங்பாட்டியில் தங்குதல் (ஏறத்தாழ 3650 மீட்டர்).
ஆறாம் நாள்: லௌரிபினாவில் தங்குதல் (ஏறத்தாழ 3900 மீட்டர்).
ஏழாம் நாள்: காலையில் ஏரியை அடைந்து வழிபட்டு, அன்றே லௌரிபினாவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்குதல்.

விரைவுப் பயணத்தோடு ஒப்பிட்டால் இதற்குக் கூடுதலாக நான்கைந்து நாள்கள் தேவைப்படும். குழுவோடு செல்வோர் முன்பணம் செலுத்துவதற்கு முன்னரே, எந்த இரவு எந்த உயரத்தில் தங்கப்போகிறோம் என்று கேட்டு எழுதி வாங்கி, அத்தாளை மருத்துவரிடம் காட்டுவது நலம். பயண ஏற்பாட்டாளர் அதற்கு விடை கூற இயலாவிட்டால் அப்பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது.

நம் மக்கள் மிகுதியாகச் செல்ல விரும்பும் மானசரோவருக்கும் இதே விதி பொருந்தும். அவ்வேரி 4590 மீட்டர் உயரத்தில் உள்ளது. கயிலை வலத்தில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் 5600 மீட்டருக்கும் மேற்பட்டது. அங்கே பெரும்பகுதித் தொலைவைப் பேருந்திலும் காரிலும் கடப்பதால், உழைப்பின்றியே பேருயரத்தை அடைந்துவிடுகிறோம். கால்கள் களைக்காத காரணத்தால் நுரையீரலும் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

மருந்துகளும் கருவிகளும்

அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை, முன்னர்க் கூறிய சிறுநீரகப் பணியை விரைவுபடுத்தி, உடல் பழகுவதற்குத் துணை செய்கிறது. பொதுவாக 125 மில்லிகிராம் அளவில், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவோம். விரல்களில் மதமதப்பும் அடிக்கடி சிறுநீர் கழிதலும் இதன் இயல்பான விளைவுகள். சல்பா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், சிறுநீரக, கல்லீரல் நோயாளர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனை உட்கொள்ளக் கூடாது. முதன்முறையாக மலையில் இதனை உண்பதைக் காட்டிலும், வீட்டிலேயே ஓரிரு நாள் உண்டு பார்ப்பது நன்று.

மூளை வீக்கத்திற்கு டெக்ஸாமெத்தசோனும், நுரையீரல் நீர்க்கோப்புக்கு நிபெடிபினும் அவசரகாலத்தில் பயன்படும். டெக்ஸாமெத்தசோன் அறிகுறிகளைத் தணிக்குமேயன்றி, உடலை உயரத்திற்குப் பழக்காது. அதனை உண்டு தலைவலி நீங்கியதும் மேலே ஏறுவது பெருந்தீங்கு. தூக்க மாத்திரைகளும் மதுவும் இரவில் மூச்சைத் தளர்த்துவன; அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்பது ஒரு நம்பிக்கை. அதன் மணம் மூக்கிற்கு இதமாக இருக்கலாம். இரத்தத்தில் ஆக்சிஜனை அது கூட்டாது. கையடக்கமான சிறு ஆக்சிஜன் குப்பிகள் சில நிமிடங்களே வரும். அவற்றை நம்பி இறங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது.

கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இன்று பல வீடுகளில் உள்ளது. 94க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று அப்போது கற்ற பாடத்தை அப்படியே மலைக்குக் கொண்டு செல்லலாகாது. 4000 மீட்டருக்கு மேல் நலமாக உள்ளவருக்கே அளவு 80களில் இருக்கலாம். விரல்கள் குளிர்ந்திருந்தால் கருவி தவறாகவும் காட்டும். உடன் வந்தோர் அனைவருக்கும் 86 காட்டும்போது ஒருவருக்கு மட்டும் 72 காட்டினால் அது பொருட்படுத்தத் தக்கது. எண்ணைக் காட்டிலும் மனிதரைப் பாருங்கள்.

முன்பே நோயுள்ளவர்கள்

கடந்த சில மாதங்களுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், சிறு உழைப்பிலும் நெஞ்சுவலி வருபவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், நுரையீரல் இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு முற்றிய நுரையீரல் நோயர், அரிவாளணு நோய் உள்ளவர்கள், கருவுற்றோர் ஆகியோர் இவ்வுயரத்திற்குச் செல்ல வேண்டா என்பதே எங்கள் அறிவுரை.

ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்கள் பொதுவாக ஆறு மாதமேனும் கழிந்த பின், டிரெட்மில் பரிசோதனை முதலியவற்றுக்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மருந்துகளைப் பயணத்தில் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு முதல் சில நாள்கள் அளவு சற்றுக் கூடலாம். மருந்தைத் தொடர வேண்டும். அளவைத் தாமாகவே மாற்றிக்கொள்ளக் கூடாது.

சர்க்கரை நோயாளர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் உறைந்தால் அதன் ஆற்றல் கெடும். ஆதலால் அதனைப் பைக்குள் வைக்காமல் உடலோடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். குளுக்கோமீட்டரும் கடுங்குளிரில் தவறாகக் காட்டும். அதனையும் கதகதப்பாக வைத்திருங்கள். வாந்தியும் சோர்வும் உயர்மலை நோயாலும் வரலாம், சர்க்கரை மிகுதியாலும் வரலாம், தாழ்சர்க்கரையாலும் வரலாம். எனவே அந்நிலையில் முதலில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

ஆஸ்துமா கட்டுக்குள் உள்ளவர்கள் பெரும்பாலும் சென்று வரலாம். குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். மூக்கையும் வாயையும் கம்பளித் துணியால் மூடி நடப்பதும், இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் அவசியம். இரத்தசோகை நம் பெண்களிடையே மிகுதி. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின் ஆதலால், புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே அதனைச் சோதித்துச் சரி செய்துகொள்ள வேண்டும்.

நீராடலும் நோன்பும்

பனிநீருக்கு ஒப்பான ஏரியில் திடீரென மூழ்கும்போது மூச்சு தன்னையறியாமல் உள்ளிழுக்கப்படும். இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டென ஏறும். இதய நோயாளர்க்குத் துடிப்புச் சீர்குலைவு நேரலாம். இவர்கள் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வதே போதுமானது. நம் கோயில்களிலும் தீர்த்தப் புரோட்சணம் முழுமையான வழிபாடாகவே ஏற்கப்படுகிறது. நலமாக உள்ளவர்களும் மெல்ல இறங்கி, ஒரு நிமிடத்திற்குள் வெளியேறி, ஈர ஆடையை உடனே களைந்து உலர்ந்த கம்பளி உடுத்த வேண்டும். ஈர ஆடையுடன் நின்று வழிபட்டால் உடல்வெப்பம் வேகமாகக் குறையும். கட்டுப்படுத்த இயலாத நடுக்கம், கைத்தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

நோன்பு இருக்க விரும்புவோர் அதனைக் கீழே காட்மாண்டிலோ, திரும்பி வந்த பின்னரோ மேற்கொள்ளலாம். ஏறும் நாள்களில் கஞ்சி, சோறு, உருளைக்கிழங்கு போன்ற மாவுப்பொருள் உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும். சிறுநீர் தெளிந்த நிறத்தில் கழியும் அளவுக்கு நீர் பருக வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவற்றைப் பயன்படுத்துவோர் வெறும் வயிற்றில் நடந்தால் தாழ்சர்க்கரையால் மயங்கி விழ நேரிடும்.

உடன் செல்வோரின் கடமை

மூளை வீங்கத் தொடங்கியவர் தம் நோயைத் தாம் உணரமாட்டார். ஆதலால் முடிவெடுக்கும் பொறுப்பு உடன் செல்வோருடையது. எவரும் தனித்து ஏறவோ, தனித்து இறங்கவோ கூடாது. இருவர் இருவராக இணைந்து, காலையும் மாலையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்: தலை வலிக்கிறதா? சாப்பிட்டது எவ்வளவு? உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்குகிறதா?

ஐயம் எழுந்தால் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ விழப்போனாலோ அது மூளை வீக்கமாகக் கருதத்தக்கது. அக்கணமே இறங்கத் தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் மேகம் சூழ்ந்தால் ஹெலிகாப்டர் பறக்க இயலாது. எனவே அதற்காகக் காத்திராமல், சுமைதூக்குவோரின் துணையோடு இறங்க ஏற்பாடு செய்யுங்கள்.

உறக்கத்தில் சிலருக்கு மூச்சு வேகமாகி, பின் மெலிந்து, சில நொடிகள் நின்று, மீண்டும் தொடங்கும். அருகில் படுத்திருப்போர் இதனைக் கண்டு அஞ்சுவர். வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், இது உயரத்தில் இயல்பாக நிகழ்வதே.

வீட்டில் இருப்போருக்கும் ஒரு பணி உண்டு. தொலைபேசியில் பேசும்போது "ஏரியைப் பார்த்துவிட்டீர்களா?" என்று முதலில் கேளாதீர்கள். "இன்றிரவு எங்கே தங்குகிறீர்கள்? அப்பாவுக்குத் தலைவலி உண்டா? நன்றாக உண்டாரா?" என்று கேளுங்கள். பேச்சு குழறினாலோ, விடைகள் பொருந்தாமல் இருந்தாலோ உடன் இருப்பவரிடம் பேசி, இறங்கச் சொல்லுங்கள். "நாங்கள் வருந்தமாட்டோம், திரும்பி வாருங்கள்" என்று குடும்பத்தார் கூறும் ஒரு சொல், ஊராருக்கு என்ன விடை கூறுவது என்னும் தயக்கத்தை நீக்கிவிடும்.

திரும்புவது குறையாகாது

பல ஆண்டுக் கனவோடும், சேமித்த பணத்தோடும் சென்றவரிடம், ஏரிக்கு அரைநாள் தொலைவில் "திரும்புங்கள்" என்று கூறுவது எளிதன்று. அவ்விடத்தில் மருத்துவ அறிவு மட்டும் போதாது என்பதை நாங்கள் அறிவோம். ஆதலால் நம் மரபிலிருந்தே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

கயிலைக் காட்சியை நாடிச் சென்ற திருநாவுக்கரசரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. கால் தேய நடந்து, பின் கையால் தவழ்ந்து, உடல் தேய்ந்தும் அவர் திரும்ப மறுத்தார். அவரது அன்பில் ஐயம் கொள்வார் எவரும் இலர். ஆயினும் இறைவன் அவரைக் கயிலை வரை நடக்கவிடவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியை அருளினான் என்பது வரலாறு. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அக்காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது. மலையின் உச்சியை அடையாதவருக்கும் காட்சி உண்டு என்பதைத் தமிழ் மரபு ஆயிரம் ஆண்டுகளாக அறிந்தே வந்துள்ளது.

எனவே உயர்மலை யாத்திரைக்குச் செல்ல விரும்புவோர், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே எங்களிடம் வாருங்கள். வரும்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், பழைய பரிசோதனை அறிக்கைகளையும், ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரத்தைக் குறித்த பயணத் திட்டத்தையும், உடன் வரப்போகும் ஒருவரையும் அழைத்து வாருங்கள். பலரை நாங்கள் மகிழ்வோடு வழியனுப்புவோம். சிலரிடம் இன்னும் சில மாதம் காத்திருக்கச் சொல்வோம். மிகச் சிலரிடம் வேண்டா என்போம். எதைக் கூறினாலும் அதற்கான காரணத்தையும் உடன் விளக்குவோம்.